கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு (இங்கிலாந்து)

கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு என்பது இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் கிராமர் பள்ளிகள் தமது ஏழாம் ஆண்டு வகுப்புக்கு மாணவரைத் தெரிவு செய்வதற்காக நடத்தும் தேர்வு ஆகும். பேச்சு வழக்கில் இது இலெவன் பிளஸ் என்று அழைக்கப்படுகின்றது. பெயரில் பதினொன்று இருப்பினும், ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், செப்டம்பர் மாதத்தில் இத்தேர்வு நடைபெறுவதால், எழுதுவோரில் பெரும்பாலானோருக்கு அப்பொழுது பத்து வயதே நிறைந்திருக்கும்.

இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் உள்ளன. இவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே நுழைவுத் தேர்வு என்று எதுவும் இல்லை. வட்டாரத்துக்கு வட்டாரம், சில இடங்களில் பள்ளிக்குப் பள்ளி, தேர்வும் தேர்ச்சி வரம்பும் சேர்க்கை விதிகளும் மாறுபடும். இலங்கைத் தமிழ்ப் பெற்றோர் தமக்குப் பழக்கமான ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தேர்வோடு இதனை ஒப்பிடுவதுண்டு. அத்தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றே. இங்கிலாந்தின் தேர்வு அவ்வாறானது அன்று.

இம்முறையில் பெற்றோர் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. தேர்வில் தேறுவது வேறு, பள்ளியில் இடம் கிடைப்பது வேறு. தேர்வு ஒரு மாணவர் கிராமர் பள்ளிக்குத் தகுதியானவரா என்பதை மட்டுமே கூறும். இடம் யாருக்கு என்பது பின்னர், வேறொரு விண்ணப்பத்தின் அடிப்படையில், வேறு விதிகளின்படி முடிவாகும். இக்கட்டுரையின் பெரும்பகுதி அவ்வேறுபாட்டைப் பற்றியது.

பெயர்

கிராமர் என்னும் சொல்லுக்கு இலக்கணம் என்று பொருள் இருப்பதால் தமிழில் சிலர் இவற்றை இலக்கணப் பள்ளிகள் என்று மொழிபெயர்ப்பர். இடைக்காலத்தில் இலத்தீன் இலக்கணம் கற்பிப்பதற்காக இத்தகைய பள்ளிகள் தோன்றியதனால் இப்பெயர் வந்தது. இன்று இவை எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் இடைநிலைப் பள்ளிகளே. எனவே இக்கட்டுரையில் கிராமர் பள்ளி என்ற வழக்கே பின்பற்றப்படுகின்றது.

பெயரைக் கொண்டு பள்ளியின் வகையை அறிய இயலாது. மான்செஸ்டர் கிராமர் பள்ளி கட்டணம் பெறும் தனியார் பள்ளி. என்ஃபீல்டு கிராமர் பள்ளி தேர்வு இன்றி அனைவரையும் சேர்க்கும் அரசுப் பள்ளி. வாட்ஃபோர்டில் உள்ள இரு கிராமர் பள்ளிகள் தமது இடங்களில் ஒரு பகுதியை மட்டுமே தேர்வின் மூலம் நிரப்புகின்றன. வடக்கு இலண்டனின் லாட்டிமர் பள்ளி கிராமர் பள்ளியாகும். மேற்கு இலண்டனின் லாட்டிமர் அப்பர் பள்ளியோ கட்டணப் பள்ளி. கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் பள்ளிக்கும் நம் சிற்றுண்டிக்கும் தொடர்பில்லை. 17ஆம் நூற்றாண்டில் கல்விக்காகக் கொடை விட்டுச்சென்ற டிஃபின் சகோதரர்களின் பெயர் அது.

வரலாறு

இப்பள்ளிகளில் சில பல நூற்றாண்டுப் பழமை உடையன. எனினும் இன்றைய தேர்வு முறை 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின்னரே நாடெங்கும் பரவியது. அப்போதைய கல்வி அமைச்சர் ஆர். ஏ. பட்லரின் பெயரால் இது பட்லர் சட்டம் எனப்படும். இச்சட்டம் அரசு நிதியில் இயங்கிய இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கியது. அதனைத் தொடர்ந்து பெரும்பாலான உள்ளூராட்சிகள் பிள்ளைகளைக் கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, செகண்டரி மாடர்ன் எனப்பட்ட பொதுநிலை இடைநிலைப் பள்ளி என்ற மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பின. தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சிலவே கட்டப்பட்டன. எனவே நடைமுறையில் இருந்தவை இரண்டே வகைகள். தேர்வில் தேறிய ஏறத்தாழ நான்கில் ஒருவர் கிராமர் பள்ளிக்குச் சென்றனர். ஏனையோர் மற்றதற்குச் சென்றனர்.

பிள்ளைகளின் மனப்பாங்கு மூவகைப்படும் என்று 1943ஆம் ஆண்டின் நோர்வுட் அறிக்கை கூறியது. அறிவுத்திறன் பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது, அதனைப் பத்து, பதினொரு வயதில் அளந்துவிடலாம் என்ற உளவியலாளர் சிரில் பர்ட்டின் கருத்தும் அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பர்ட் 1971இல் இறந்த பின்னர், இரட்டையரைப் பற்றி அவர் வெளியிட்ட தரவுகள் நம்பத்தக்கவையா என்ற ஐயம் எழுந்து பெரும் சர்ச்சை ஆனது.

தேர்வு எவ்வளவு துல்லியமானது என்ற கேள்வி சர்ச்சைக்கு முன்பே எழுந்தது. 1957இல் யேட்ஸ், பிஜன் ஆகிய இரு ஆய்வாளர்கள், அன்றிருந்த மிகச் சிறந்த தேர்வு முறைகளைக் கையாண்டாலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளை தவறான வகைப் பள்ளிக்கு அனுப்பப்படுவது தவிர்க்க இயலாதது என்று காட்டினர். இவ்வகைப் பிழைக்குத் தேர்வுத் தாளின் தரம் மட்டும் காரணம் அன்று. எந்த அளவீட்டிலும் சிறிது பிழை இருக்கும். வெட்டுக்கோட்டுக்கு அருகே மிகுதியான பிள்ளைகள் குவிந்திருக்கும் பொழுது அச்சிறு பிழையே பலரைக் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

1965இல் தொழிற்கட்சி அரசின் கல்வி அமைச்சர் அந்தோனி குரோஸ்லாண்ட் 10/65 எனப்படும் சுற்றறிக்கையை வெளியிட்டு, தேர்வில்லாப் பள்ளிகளுக்கு மாறுமாறு உள்ளூராட்சிகளைக் கேட்டுக்கொண்டார். 1960களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1300 ஆக இருந்த கிராமர் பள்ளிகளின் எண்ணிக்கை அதன் பின்னர் விரைந்து குறைந்தது. 1970 முதல் 1974 வரை கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் கிராமர் பள்ளிகளின் ஆதரவாளர் எனப் பின்னாளில் அறியப்பட்டார். ஆனால் அவர் பதவிக் காலத்திலும் இம்மாற்றம் பேரளவில் தொடர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தேர்வு முறையை முற்றாக நீக்கக் கோரிய 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரது அரசு 1979இல் திரும்பப் பெற்றது. அதற்குள் மாறாமல் எஞ்சியிருந்த வட்டாரங்களே பெரும்பாலும் இன்றும் கிராமர் பள்ளிகள் உள்ள வட்டாரங்கள்.

1998ஆம் ஆண்டின் பள்ளித் தரங்கள் மற்றும் கட்டமைப்புச் சட்டம் புதிய கிராமர் பள்ளிகளைத் தொடங்குவதைத் தடை செய்தது. இருப்பவற்றை மாற்றுவதா என்பதைப் பெற்றோர் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்யவும் வழி வகுத்தது. இதுவரை நடந்த ஒரே வாக்கெடுப்பு 2000இல் ரிப்பன் நகரில் நடந்தது. அதில் பெற்றோர் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியை மாற்ற வேண்டாம் என்றனர். 2016இல் தெரசா மே அரசு தடையை நீக்க முன்மொழிந்தது. 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும்பான்மையை இழந்த பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. எனினும் இருக்கும் பள்ளிகள் விரிவடையத் தடையில்லை. டன்பிரிட்ஜில் உள்ள வீல்ட் ஆஃப் கென்ட் பள்ளி 2017இல் செவனோக்சில் திறந்த கிளை இதற்கு எடுத்துக்காட்டு.

பள்ளிகள் அமைந்துள்ள இடங்கள்

கென்ட், பக்கிங்காம்சயர், லிங்கன்சயர் முதலிய மாவட்டங்களில் வட்டாரம் முழுவதும் இம்முறை நிலவுகின்றது. கென்டில் மட்டும் 32 கிராமர் பள்ளிகளும், பக்கிங்காம்சயரில் 13 பள்ளிகளும் உள்ளன. மெட்வே, டிராஃபர்ட், சுலவ், பெக்ஸ்லி போன்ற சிறு உள்ளூராட்சிகளும் இவ்வகையின. பர்மிங்காம், ரீடிங், எசெக்ஸ் ஆகிய இடங்களிலும், இலண்டனின் சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், பிரோம்லி, ரெட்பிரிட்ஜ், என்ஃபீல்டு ஆகிய பகுதிகளிலும் தேர்வில்லாப் பள்ளிகளுக்கு நடுவே சில கிராமர் பள்ளிகள் உள்ளன. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் தென்மேற்கு இலண்டனிலும் இல்ஃபோர்டு, ஹாரோ சுற்று வட்டாரங்களிலும் இத்தேர்வு அதிகம் பேசப்படுவதற்கு இப்பள்ளிகளின் அண்மையே முதன்மைக் காரணம் எனலாம். வேல்சிலும் இசுக்கொட்லாந்திலும் அரசு கிராமர் பள்ளிகள் இல்லை.

இருவகை இடங்களுக்கும் இடையே பெற்றோர் நோக்கில் பெரிய வேறுபாடு உண்டு. கென்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளை தகுதி பெற வேண்டும் என்பதே முறையின் நோக்கம். அங்கு தேர்வில் தேறாத பிள்ளை செல்லும் பள்ளி, தேறியோர் நீங்கிய பள்ளியாக இருக்கும். கிங்ஸ்டனிலோ பார்னெட்டிலோ கிராமர் பள்ளிகள் மிகச் சில. போட்டியிடுவோர் பல மடங்கு. ஆனால் அங்கு இடம் கிடைக்காத பெரும்பாலான பிள்ளைகள் எல்லா நிலை மாணவரும் பயிலும் தேர்வில்லாப் பள்ளிக்கே செல்வர். ஆகவே தேறாமற் போவதன் விளைவு இரண்டு இடங்களிலும் ஒன்றன்று.

தேர்வின் அமைப்பு

வினாக்கள் பொதுவாக நான்கு துறைகளில் இருந்து வரும். அவை ஆங்கிலம், கணிதம், சொற்களைக் கொண்டு அமைந்த தருக்கம், உருவங்களைக் கொண்டு அமைந்த தருக்கம் என்பனவாகும். சொல் தருக்கத்தில் எழுத்துகளை மாற்றி அமைத்த குறியீட்டைக் கண்டறிதல், எதிர்ச்சொல் இணைத்தல் போன்றவை இடம்பெறும். உருவத் தருக்கத்தில் ஒரு வரிசையில் அடுத்து வரும் வடிவம் எது, மடித்த தாளை விரித்தால் எவ்வாறு தோன்றும் என்பன போன்ற வினாக்கள் வரும். எல்லா இடங்களிலும் நான்கு துறைகளும் கேட்கப்படுவதில்லை. சட்டன் பகுதிப் பள்ளிகளின் பொது முதற்கட்டத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் மட்டுமே உள்ளன. அதில் தேறியோர் பின்னர் பள்ளிகளின் இரண்டாம் கட்டத் தேர்வை எழுதுவர்.

கென்ட் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் சேர்ந்த ஒரு மணி நேரத் தாளும், தருக்கத்துக்கென ஏறத்தாழ ஒரு மணி நேரத் தாளும் உண்டு. விடைகளைக் கொடுக்கப்பட்ட தெரிவுகளில் இருந்து தனித் தாளில் குறிக்க வேண்டும். இவை தவிர 40 நிமிட எழுத்துப் பயிற்சி ஒன்றும் உண்டு. இதற்கு மதிப்பெண் இடப்படுவதில்லை. வரம்புக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளையைத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் பரிந்துரைத்தால், அதனை ஆராயும் குழு இவ்வெழுத்தையும் வகுப்பு நோட்டுகளையும் பார்க்கும்.

பல வட்டாரங்களின் வினாத்தாள்களை ஜி. எல். அசெஸ்மென்ட் என்ற நிறுவனம் தயாரிக்கின்றது. முன்னர் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செம் என்ற மையமும் தயாரித்து வந்தது. 2019இல் கேம்பிரிட்ஜுக்குக் கைமாறிய அம்மையம் 2022இல் தாளில் எழுதும் இலெவன் பிளஸ் தேர்வுகளை விட்டு விலகியது. பழைய வழிகாட்டி நூல்கள் செம் தேர்வுக்கென்று கூறும் அறிவுரைகளை இதனை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

வயதுக்கேற்ற மதிப்பெண்

இங்கிலாந்தில் ஒரு வகுப்பில் செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தோர் பயில்வர். எனவே ஒரே நாளில் தேர்வு எழுதும் இருவருக்கு இடையே ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருக்கலாம். பத்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. இதனை ஈடு செய்யப் பெரும்பாலான தேர்வுகளில் மூல மதிப்பெண் வயதுக்கேற்ற தர மதிப்பெண்ணாக மாற்றப்படுகின்றது.

மாற்றும் முறை வருமாறு. ஒரு பிள்ளை பெற்ற மூல மதிப்பெண், அதே மாத வயதுடைய பிள்ளைகளின் மதிப்பெண்களோடு ஒப்பிடப்படும். அவ்வயதின் சராசரிக்கு 100 என்று வைத்து, சராசரியில் இருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பது 15 புள்ளிகளை ஒரு திட்ட விலக்கமாகக் கொண்ட அளவுகோலில் குறிக்கப்படும். அளவுகோலின் கீழ் எல்லை 69, மேல் எல்லை 141. ஆகவே 80க்கு 60 பெற்ற செப்டம்பர் மாதப் பிள்ளையும் அதே 60 பெற்ற ஆகஸ்ட் மாதப் பிள்ளையும் ஒரே தர மதிப்பெண் பெறுவதில்லை. இளைய பிள்ளைக்குச் சில புள்ளிகள் கூடுதலாக வரும். இது சலுகை மதிப்பெண் என்று சிலர் கருதுவர். ஓட்டப் பந்தயத்தில் வளைவின் வெளித்தடத்தில் ஓடுபவரை முன்னே நிறுத்துவதைப் போன்றது இது என்று கூறுவது பொருத்தமாக இருக்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, 120 என்பது 120 விழுக்காடும் அன்று, 120 சரியான விடைகளும் அன்று. மற்றொன்று, ஒரு வட்டாரத்தின் எண்ணை மற்றொரு வட்டாரத்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பக்கிங்காம்சயரில் தேர்ச்சி வரம்பு நெடுங்காலமாக 121. சுலவ் பள்ளிகளில் 111. கென்டில் மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பும், எந்தப் பகுதியிலும் இதற்குக் கீழ் போகக் கூடாது என மற்றொரு வரம்பும் ஆண்டுதோறும் வகுக்கப்படுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் அளவுகோல் வெவ்வேறு பிள்ளைக் கூட்டத்தைக் கொண்டு அமைக்கப்படுவதால், 121 உள்ள இடத்தில் தேர்வு கடினம் என்றோ 111 உள்ள இடத்தில் எளிது என்றோ கூற இயலாது. பயிற்சி நூல்களின் இறுதியில் உள்ள அட்டவணைகளைக் கொண்டு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கணிக்க முயல்வதும் இக்காரணத்தாலேயே பெரிதும் பயனற்றது.

தகுதியும் இடமும்

தேர்வில் தகுதி பெற்றோர் எண்ணிக்கை இடங்களை விடக் கூடுதலாக இருந்தால் பள்ளி தனது சேர்க்கை விதிகளின்படி அவர்களை வரிசைப்படுத்தும். பள்ளிச் சேர்க்கை நெறிமுறைகள் எனப்படும் அரசு விதித்தொகுப்பு இவ்விதிகளுக்கு வரம்பு கட்டுகின்றது. இது கடைசியாக 2021இல் திருத்தப்பட்டது. அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளில் தகுதி பெற்றோருக்கு முன்னுரிமை தரப்படும். அதன் பின்னர் கிராமர் பள்ளிகள் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றையோ அவற்றின் கலவையையோ கையாளும்.

முதல் வழியில் வரம்பைத் தாண்டிய அனைவரும் சமம். 121 பெற்றவரும் 141 பெற்றவரும் ஒன்றே. இடம் யாருக்கு என்பதைப் பள்ளியின் சேர்க்கை எல்லை, உடன்பிறந்தோர் அங்குப் பயில்வது, வீட்டில் இருந்து பள்ளிக்கு உள்ள தொலைவு ஆகியவை முடிவு செய்யும். பக்கிங்காம்சயரிலும் கென்டின் பெரும்பாலான பள்ளிகளிலும் இவ்வழக்கம் உள்ளது. இரண்டாம் வழியில் மதிப்பெண் வரிசையே இடத்தைத் தீர்மானிக்கும். பார்னெட்டின் குவீன் எலிசபெத் ஆண்கள் பள்ளி இதற்குப் பெயர் பெற்றது. இத்தகைய பள்ளிகளில் தகுதி வரம்பைத் தொட்டது மட்டும் போதாது. டிஃபின் பள்ளிகள் போன்றவை மதிப்பெண் வரிசையோடு முன்னுரிமைப் பகுதி ஒன்றையும் வகுத்துள்ளன.

எனவே ஒரு பள்ளியைப் பற்றிப் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது அதன் தேர்வு முடிவுப் பட்டியல் அன்று. முந்தைய ஆண்டில் கடைசி இடம் எவ்வளவு தொலைவில் இருந்தவருக்கு, அல்லது எந்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்பதே. உள்ளூராட்சிகளின் சேர்க்கைக் கையேடுகளிலும் பள்ளிகளின் அறிவிப்புகளிலும் பெரும்பாலும் இது இருக்கும். தொலைவை முதன்மையாகக் கொள்ளும் பள்ளிக்கு மிகத் தொலைவில் வாழும் குடும்பத்தின் பிள்ளை முழு மதிப்பெண் பெற்றாலும் பயன் இல்லாது போகலாம்.

ஓர் உள்ளூராட்சியின் எல்லைக்கு வெளியே வாழ்கின்றார் என்ற ஒரே காரணத்துக்காக அதன் பள்ளிகளில் ஒருவரைப் பின்தள்ளக் கூடாது என்று 1989இல் கிரீனிச் வழக்கில் தீர்ப்பாயிற்று. அதனால் ஒரு பகுதியின் கிராமர் பள்ளிக்கு அயல் பகுதியினரும் விண்ணப்பிக்கலாம். எனினும் நியாயமான சேர்க்கை எல்லையை வகுத்துக்கொள்ள இத்தீர்ப்பு தடை செய்யவில்லை. முகவரியை உள்ளூராட்சிகள் சரிபார்க்கும். பொய்யான முகவரி கொடுத்துப் பெற்ற இடம் பின்னர் திரும்பப் பெறப்படலாம்.

விருப்பப் பட்டியல்

தேர்வுக்குப் பதிவு செய்வதும் பள்ளிக்கு விண்ணப்பிப்பதும் தனித்தனிச் செயல்கள். தேர்வுப் பதிவு பொதுவாகக் கோடை விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். கென்டில் இது ஜூன் மாதத்தில் நடைபெறும். பக்கிங்காம்சயரின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பயில்வோர் மட்டும், பெற்றோர் வேண்டாம் என்று கூறினாலன்றி, தாமாகவே பதிவாவர். தேர்வு செப்டம்பரில் நடக்கும். முடிவை அக்டோபர் 31க்கு முன் தெரிவிக்க முயல வேண்டும் என்று நெறிமுறைகள் கூறுகின்றன. ஏனெனில் அன்றுதான் விண்ணப்பத்தின் கடைசி நாள். விண்ணப்பத்தைப் பள்ளிக்கு அனுப்பாமல், குடும்பம் வாழும் பகுதியின் உள்ளூராட்சிக்கே அனுப்ப வேண்டும். அதில் குறைந்தது மூன்று பள்ளிகளையும், இலண்டனில் ஆறு பள்ளிகள் வரையும் விருப்ப வரிசையில் குறிப்பிடலாம். முடிவு மார்ச் 1 அன்று, அன்று விடுமுறையாயின் அடுத்த வேலை நாளில், வெளியாகும்.

இப்பட்டியலைக் குறித்துப் பெற்றோரிடையே பல கட்டுக்கதைகள் உலவுகின்றன. பள்ளியை முதலிடத்தில் வைக்காவிட்டால் அப்பள்ளி பிள்ளையைக் கருதாது என்பது அவற்றுள் ஒன்று. முன்னர் சில பள்ளிகள் தம்மை முதல் விருப்பமாகக் குறித்தோரையே முதலில் சேர்த்து வந்தன. அவ்வழக்கம் 2007ஆம் ஆண்டின் நெறிமுறைகளால் தடை செய்யப்பட்டது. இன்று ஒரு பள்ளி, தன்னை விண்ணப்பதாரர் எத்தனையாவது இடத்தில் வைத்துள்ளார் என்பதைக் கொண்டு முன்னுரிமை தர இயலாது.

இன்றைய முறை சம விருப்ப முறை எனப்படும். ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ஒரு குடும்பம் முதலாவதாக மதிப்பெண் வரிசையில் சேர்க்கும் அ என்ற கிராமர் பள்ளியையும், இரண்டாவதாகத் தொலைவின்படி சேர்க்கும் ஆ என்ற கிராமர் பள்ளியையும், மூன்றாவதாக வீட்டருகே உள்ள இ என்ற தேர்வில்லாப் பள்ளியையும் குறித்ததாகக் கொள்வோம். மூன்று பள்ளிகளும் தமக்கு வந்த எல்லா விண்ணப்பங்களையும் தத்தம் விதிப்படி வரிசைப்படுத்தி உள்ளூராட்சிக்கு அனுப்பும். பிள்ளை ஆ, இ ஆகிய இரண்டிலும் இடம் பெறும் நிலையில் இருந்தால், பட்டியலில் மேலே உள்ள ஆ பள்ளியின் இடம் தரப்படும். இ பள்ளியில் விடப்பட்ட இடம் அவ்வரிசையில் அடுத்து நிற்பவருக்குச் செல்லும். அந்த அடுத்தவர் வேறெங்கோ வைத்திருந்த இடத்தை விடுவார். இவ்வாறு மாற்றங்கள் நின்று போகும் வரை கணிப்பு தொடரும்.

கணினியியல் அறிந்தோர் இதனை உடனே இனங்கண்டுகொள்வர். 1962இல் டேவிட் கேல், லாயிட் சாப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட நிலையான இணைப்புப் படிமுறையை ஒத்ததே இது. இத்துறைப் பணிக்காகச் சாப்லி 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ஆல்வின் ராத்துடன் பகிர்ந்துகொண்டார். இப்படிமுறையில் விண்ணப்பதாரர் தம் உண்மையான விருப்பத்தை மறைத்து வரிசையை மாற்றி எழுதுவதால் எந்த நன்மையும் அடைய இயலாது என்பது நிறுவப்பட்டது. அ பள்ளியை முதலில் எழுதியதனால் இ பள்ளியில் வாய்ப்பு ஒரு துளியும் குறைவதில்லை. கைக்கு எட்டாது என்று அஞ்சி, உண்மையில் விரும்பும் பள்ளியைக் கீழே தள்ளுவது வீண்.

இந்நிறுவலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலின் நீளத்துக்கு வரம்பு இருக்கக் கூடாது. நடைமுறையில் வரம்பு உண்டு. ஆகவே எந்த வரிசையில் எழுதுவது என்பதில் சூழ்ச்சி தேவையில்லை என்றாலும், எவற்றை எழுதுவது என்பதில் கவனம் தேவை. தேர்வு எழுதாத அல்லது தகுதி பெறாத கிராமர் பள்ளியை எழுதினால் ஒரு விருப்பம் வீணாகும். இதனினும் பெரிய தவறு, எல்லா இடங்களையும் கிராமர் பள்ளிகளால் நிரப்பிவிடுவது. எதிலும் இடம் கிடைக்காத பொழுது, உள்ளூராட்சி அருகில் உள்ள நல்ல பள்ளியைத் தானாகத் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்பள்ளியின் இடங்கள் அதனைப் பட்டியலில் எழுதியோரால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எஞ்சுவது எவரும் கேட்காத இடமே. அது பல மைல் தொலைவிலும் இருக்கலாம். உறுதியாக இடம் கிடைக்கக்கூடிய ஒரு தேர்வில்லாப் பள்ளியையேனும் பட்டியலின் இறுதியில் எழுதுவது மேலுள்ள எந்த விருப்பத்தையும் பாதிக்காது.

காத்திருப்போர் பட்டியலும் மேல்முறையீடும்

இடம் கிடைக்காதோர் காத்திருப்போர் பட்டியலில் இடம் பெறலாம். இப்பட்டியல் குறைந்தது டிசம்பர் 31 வரை பேணப்பட வேண்டும். இது சேர்க்கை விதிகளின் வரிசையிலேயே இருக்கும். எவ்வளவு காலமாகக் காத்திருக்கின்றார் என்பது கணக்கில் வராது. எனவே புதிதாக ஒருவர் அருகில் குடியேறினால் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர் கீழே இறங்கவும் கூடும்.

பெற்றோர் சார்பற்ற குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தரப்பட வேண்டும். தகுதி பெற்றும் இடமின்மையால் மறுக்கப்பட்டவரின் முறையீட்டில், மேலும் ஒருவரைச் சேர்ப்பதால் பள்ளிக்கு ஏற்படும் இடரும் பிள்ளையின் தேவையும் எடைபோடப்படும். தகுதி வரம்பை எட்டாதவரின் முறையீட்டில் முதலில் பிள்ளை வேண்டிய கல்வித் தரத்தில் உள்ளதற்கான சான்று கேட்கப்படும். பள்ளி அறிக்கைகளும் தலைமையாசிரியரின் கடிதமும் இங்குப் பயன்படும். தேர்வு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது என்பது மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. பக்கிங்காம்சயர் போன்ற இடங்களில் முன்னதாகவே மீளாய்வு நடந்திருந்தால், அம்மீளாய்வு நேர்மையாகவும் சீராகவும் புறவயமாகவும் நடந்ததா என்பதை மட்டுமே குழு முதலில் பார்க்கும். ஆகவே மீளாய்வுக்குச் செல்வதா, நேரே மேல்முறையீட்டுக்குச் செல்வதா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவாகும்.

தனிப்பயிற்சியும் விமர்சனங்களும்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பல, பாட நேரத்தில் இத்தேர்வுக்குப் பயிற்சி அளிப்பதில்லை. அதனால் டியூசன் மையங்கள் பெருகியுள்ளன. ஒரு பிள்ளை இதுவரை காணாத வினா வகைகளை முதன்முறையாகத் தேர்வறையில் காண்பது நிச்சயமாகப் பாதகம். ஓரளவு பயிற்சி மதிப்பெண்ணைக் கூட்டும் என்று 1950களிலேயே பி. ஈ. வெர்னன் போன்ற உளவியலாளர்கள் காட்டினர். அதே ஆய்வுகள் முதற்சில மணி நேரத்துக்குப் பின் பயன் விரைந்து தேய்வதையும் காட்டின. மாதிரித் தாள்களை ஜி. எல். நிறுவனமும் பல பள்ளிகளும் இலவசமாக வெளியிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் செலவிடுமுன் இவற்றை ஒருமுறை முயன்று பார்ப்பது நலம்.

பயிற்சியால் பாதிக்கப்படாத தேர்வு ஒன்றை அமைக்கும் முயற்சிகளும் நடந்தன. பக்கிங்காம்சயர் பள்ளிகள் 2013இல் இந்நோக்கில் செம் தேர்வுக்கு மாறின. வசதி படைத்த பிள்ளைகளுக்கும் ஏனையோருக்கும் இடையிலான தேர்ச்சி இடைவெளி அதன் பின்னரும் குறையவில்லை என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். சில ஆண்டுகளில் அப்பள்ளிகள் ஜி. எல். தேர்வுக்குத் திரும்பின.

சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்பதே இம்முறை மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. 2016ஆம் ஆண்டளவில் கிராமர் பள்ளி மாணவரில் இலவச மதிய உணவுக்கு உரியோர் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அரசு இடைநிலைப் பள்ளிகள் முழுவதிலும் இது ஏறத்தாழ 13 முதல் 14 விழுக்காடு. இதன் பின்னர் பல கிராமர் பள்ளிகள் வறிய குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி இடங்களையோ சற்றுத் தாழ்ந்த வரம்பையோ வகுத்துள்ளன. இச்சலுகை பெரும்பாலும் தேர்வுப் பதிவின்போதே கோரப்பட வேண்டியது என்பதால், உரியவர்கள் அறியாமலே தவறவிடுவதுண்டு.

பாலின வேறுபாடும் நெடுங்காலம் இருந்தது. இத்தேர்வில் சிறுமியர் சிறுவரை விடச் சிறப்பாகச் செய்ததால், பல உள்ளூராட்சிகள் சிறுமியருக்கு உயர்ந்த வரம்பை வைத்து எண்ணிக்கையைச் சமன் செய்தன. பர்மிங்காமில் ஆண்களுக்கு 540 இடங்களும் பெண்களுக்கு 360 இடங்களும் இருந்த நிலை சட்டத்துக்கு மாறானது என்று 1989இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தேர்வில் தோற்றோம் என்று வாழ்நாள் முழுதும் எண்ணியிருந்த பெண்களில் சிலர், ஆணாக இருந்திருந்தால் தேறியிருக்கக்கூடிய மதிப்பெண் பெற்றவர்களே.

கிராமர் பள்ளிகளின் உயர்ந்த தேர்வு முடிவுகளுக்குப் பள்ளியே காரணமா என்பதும் விவாதத்துக்கு உரியது. 2018இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோரார்டு, நாடியா சித்திக்கி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, சேரும் மாணவரின் முந்தைய தரத்தையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் கொண்டால் இப்பள்ளிகள் ஏனையவற்றை விடச் சிறப்பாகச் செயற்படுவதாகக் காண இயலவில்லை என்றது. ஆதரவாளர்களோ வசதியற்ற திறமையாளருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உயர்ந்த கல்விச் சூழல் என்று இவற்றைப் போற்றுகின்றனர்.

வட அயர்லாந்து

வட அயர்லாந்தில் 60க்கும் மேற்பட்ட கிராமர் பள்ளிகள் உள்ளன. மக்கள்தொகையை நோக்க இது இங்கிலாந்தை விட மிக அதிகம். அரசு நடத்திய மாற்றுத் தேர்வு 2008உடன் நிறுத்தப்பட்டது. ஆனால் பள்ளிகள் தேர்வைக் கைவிடவில்லை. இரு தனி அமைப்புகள் இரு வேறு தேர்வுகளை நடத்தத் தொடங்கின. ஏறத்தாழ ஒரு சமூகத்தின் பள்ளிகள் ஒன்றையும் மற்றச் சமூகத்தின் பள்ளிகள் மற்றொன்றையும் பின்பற்றியதால், இரண்டையும் எழுதும் பிள்ளைகள் தொடர்ந்து பல சனிக்கிழமைகளைத் தேர்வறையில் கழித்தனர். பெருந்தொற்றின் காரணமாக 2021ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்வுகள் நடக்கவில்லை. 2023 நவம்பர் முதல் இரண்டுக்கும் பதிலாக இரண்டு தாள்களைக் கொண்ட ஒரே பொதுத் தேர்வு நடைபெறுகின்றது.